செருப்போடு நடந்த சலேத்து

செருப்புப் போட்டுக்கொண்டு மாதாவைப் பார்க்கப் போனவளுக்கு என்ன பக்தி என்று கேட்கிறீர்களே, உங்களில் எத்தனை பேருக்குச் சலேத்தைத் தெரியும்? எனக்குத் தெரியும். பட்டினப்பாக்கத்தில் இருபது வருடமாக நான் மீன் விற்கிறேன். பக்கத்துப் பலகையில் அவள் வெட்டிக் கொடுக்கிறாள். எனக்கு எழுத்துதான் தெரியாது, ஆளைத் தெரியும்.

சங்கரா மீனைச் செதிள் ஒன்றுகூட இல்லாமல் சுரண்டிக் கொடுப்பாள். வாயும் அப்படித்தான், ஒருத்தரையும் சுரண்டாமல் விடாது. அதை நான் மறைக்கவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் பெசன்ட் நகர் மாதா கோயிலில் கொடியேற்றம். எங்கள் பக்கத்துப் பெண்கள் காவிச் சேலை கட்டி, சுத்த சைவமாக இருந்து, வெறுங்காலோடு நடந்து போவார்கள். சலேத்தும் பதினெட்டு வருடம் அப்படிப் போனவள்தான். இந்த வருடம் சர்க்கரை நோயால் குதிகாலில் புண். செருப்பில்லாமல் நடந்தால் காலே போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கொடியேற்றத்துக்கு முதல் நாள், கூட்டத்தை அழைத்துப் போகிற ரெஜினா மீன் கடைக்கே வந்துவிட்டாள்.

"யக்கா, செருப்போட எங்க கூட வராதே. எல்லார் நேர்ச்சையும் கெட்டுப்பூடும். ஆட்டோல போயிடேன்."

சலேத்துக்குக் கண் கலங்கிவிட்டது. நான் சும்மா இருப்பேனா?

"ஏம்மா ரெஜினா, மாதா இன்னா வாசல்ல குந்திக்கினு செருப்புக்கு டோக்கனா குடுக்குது?"

"முறைன்னு ஒண்ணு கீதுல்ல, ஆயா?"

சலேத்து கத்தியைக் கீழே வைத்தாள். "போன வருசம் முறையாத்தான் வந்தேன். வெறுங்காலு, கையில செபமாலை. வழி பூரா இன்னா பண்ணேன் தெரியுமா? என் நாத்தனார திட்டிக்கினே வந்தேன். மாலையில ஒரு மணிய உருட்டுனா ஒரு திட்டு. அம்பத்து மூணு மணி! அது மாதாவுக்கு ஆச்சு, இந்த ரப்பர் செருப்பு ஆவாதா?"

ரெஜினா போய்விட்டாள். சலேத்து அன்று முழுக்க, வெட்டின மீனையே திரும்பத் திரும்பக் கழுவினாள். தான் சொன்னது தனக்கே உறைத்துவிட்டது போல.

நாத்தனார் அந்தோணியம்மாள் இருப்பது ஊரூர் குப்பத்தில், கோயிலுக்குக் கிட்டத்தில். சலேத்தின் புருஷன் செத்த அன்று, "நீ ஒழுங்கா சோறு போட்டிருந்தா என் தம்பி போயிருப்பானா?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டுவிட்டாள். நாலு வருடமாகப் பேச்சில்லை.

மறுநாள் காலையில் சலேத்தின் வீட்டுக்குப் போனால், காவிச் சேலையோடு அடுப்படியில் நிற்கிறாள். வஞ்சிரக் குழம்பு கொதிக்கிறது.

"இன்னாடி, விரதத்துல மீன் கொழம்பு?"

"எனக்கில்ல ஆயா, அந்தோணியம்மாளுக்கு. அவ என்னிக்கு விரதம் இருந்தா? மொதல்ல அவ வூடு, அப்பறம்தான் மாதா."

"அவ கதவ சாத்திட்டான்னா?"

"வாசல்ல வச்சிட்டுப் போறேன். நான் வாயில வைக்கக்கூடாது, நீ உப்புப் பாரு."

உள்ளங்கையில் ஒரு சொட்டு ஊற்றினாள். நக்கிப் பார்த்தேன்.

"தூக்கலா கீதுடி."

"அவளுக்கு அப்பிடித்தான் புடிக்கும்."

தெருவில் ரெஜினாவின் கூட்டம் பாடிக்கொண்டு கிளம்பியது. அவர்கள் தாண்டிப் போகட்டும் என்று சலேத்து காத்திருக்கவில்லை. தூக்குச்சட்டியை எடுத்தாள், செருப்பை மாட்டினாள், கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.