மீன் காட்சிக்குப் போன லோகநாயகி

லோகநாயகிக்கு இருபத்தேழு முடிந்துவிட்டது. பட்டாபிராமில் அந்த வயதுவரை பெண்ணை வீட்டில் வைத்திருந்தால், குழாயடியில் குடத்தோடு நிற்பவர்கள்கூட வரன் சொல்வார்கள். சொன்னார்கள். வந்தவர்களும் கேசரியை ஒரு கை பார்த்துவிட்டு, பெண்ணையும் மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்று எழுந்து போனார்கள். ஒருத்தன் நடந்து காட்டச் சொன்னான். இன்னொருத்தனின் அம்மா கிட்டத்தில் வந்து பல்வரிசையைப் பார்த்தாள். அத்தனை நேரமும் லோகநாயகி பாயில் குனிந்தபடி அவர்களுடைய கால் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். வந்தவர்களில் ஒருத்தன் முகமும் அவளுக்கு நினைவில்லை. விரல்கள் நன்றாக நினைவிருந்தன.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்விட்ச் கம்பெனியில் பேக்கிங் வேலை. அங்கே அவள் சிரித்தால் அடுத்த ஷெட்டுக்குக் கேட்கும் என்பார்கள். அப்படிப்பட்டவள் வீட்டுக்குள் எத்தனை நாள்தான் தலையைக் குனிந்துகொண்டிருப்பாள்? எண்பத்தெட்டு தையில் பாடியிலிருந்து உத்தமன் என்றொரு லேத் ஆபரேட்டரின் ஜாதகம் வந்ததும் ஒற்றைக் காலில் நின்றாள்.

"இனிமே பாய்ல குந்தமாட்டேன் நைனா. நானும் அந்த ஆள நல்லா பாக்கணும். எனக்கும் புடிக்கணும். இல்லன்னா இதோட வுட்ரு, எவனையும் இட்டாராதே."

அப்பா கோவிந்தன் முறைத்தார். அம்மா முனியம்மா, கோயிலில் தற்செயலாகப் பார்ப்பது போலப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். கோயிலுக்குப் போனாலும் குனிந்துதான் நிற்க வேண்டும். தீவுத்திடல் பொருட்காட்சியில் மீன் அரங்கு பிரமாதம் என்று கம்பெனியில் பேசிக்கொண்டார்கள், அங்கேதான் வருவேன் என்றாள் லோகநாயகி. அப்படியே முடிவாயிற்று.

உள்ளே நுழைந்ததும் லோகநாயகி வந்த வேலையை மறந்தாள். இருட்டுக்குள் சுவர் சுவராகக் கண்ணாடி, அத்தனையிலும் வெளிச்சம். கறுப்புக் கோடு போட்ட ஏஞ்சல் மீன்கள் கல்யாண வீட்டுப் பெண்களைப் போல ஒய்யாரமாகத் திரும்பின. தீக்குச்சி அளவு நியான் மீன்கள் கூட்டமாக ஓடி, சொல்லிவைத்த மாதிரி நின்று, மறுபடி ஓடின. "ஐயோ, இங்க பாரும்மா! இது இன்னாமா மினுக்குது!" என்று ஒவ்வொரு தொட்டிக்கும் ஓடினாள். நடுவிலிருந்த பெரிய தொட்டியில் இரண்டு கௌராமி மீன்கள் உதட்டோடு உதடு வைத்து முட்டிக்கொண்டிருந்தன. 'முத்தமிடும் மீன்' என்று பலகை வேறு.

"கருமம்! மூஞ்சத் திருப்பு" என்று முனியம்மா இழுத்தாள். இழுத்தவளே மெல்லக் கிசுகிசுத்தாள். "அந்தாண்ட பச்சப் பொடவதான் பையனோட அம்மா, வேம்புலியம்மா. பக்கத்துல நிக்கறதுதான் பையன்."

லோகநாயகி நிமிர்ந்து, நேராகப் பார்த்தாள். தண்ணீருக்கு அந்தப் பக்கம் பூசணிக்காய் அளவில் ஒரு மீசை முகம். இரண்டு கன்னத்தையும் உப்பவைத்து, மீன் வாயைத் திறந்தால் தானும் திறந்து, மூடினால் மூடிக்கொண்டிருந்தது. வேம்புலியம்மாள் அவன் விலாவில் இடித்து இந்தப் பக்கம் கையைக் காட்டினாள். அவன் அந்தக் கையைத் தட்டிவிட்டு மீனிடமே போனான். ஒரு கௌராமி கண்ணாடிவரை வந்து அவன் உதட்டுக்கு நேராக வாயைக் குவித்ததோ இல்லையோ, துள்ளிக் குதித்து, காவலுக்கு நின்ற போலீஸ்காரரின் தோளைத் தட்டி அவரிடமே சொல்லிச் சிரித்தான்.

லோகநாயகிக்குச் சிரிப்பு பீறிட்டது. அவனைத் தவிர அரங்கமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வர, தொட்டியின் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இவன்தான் எனக்கு வேணும் என்று நினைத்தாள். நினைத்த மறு நிமிஷமே சிரிப்பு நின்றது. இவனும் சொல்லி அனுப்புகிறேன் என்று போய்விட்டால்?

வெளியே டெல்லி அப்பளக் கடை ஓரம் இரண்டு குடும்பமும் 'தற்செயலாக'ச் சந்தித்தன. கோவிந்தன் தொண்டையைச் செருமினார். "இன்னா தம்பி, பொண்ணப் பாத்தீங்களா?"

அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்த உத்தமன் விழித்தான். "பொண்ணா? எங்க கீது?"

"தொட்டியாண்ட கைய காமிச்சனேடா பாவி!" என்று வேம்புலியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"மீனக் காமிக்கறன்னு நெனச்சேன்மா."

கோவிந்தனுக்கு முகம் கறுத்துவிட்டது. "பொண்ணு பாக்க வந்து மீனப் பாத்தாராம். முனியம்மா, கெளம்பு, ரயிலப் புடிக்கலாம்."

"அண்ணே, கோச்சுக்காதீங்க. பொண்ணு இங்கதான நிக்குது. இப்பிடி முன்னால வந்து நிக்கட்டும், பையன் நல்லா பாத்துக்கட்டும்" என்று வேம்புலியம்மாள் வழி மறித்தாள்.

"வேணாம் அத்தை" என்றாள் லோகநாயகி. "அவரு பாக்க வேணாம். நான் பாத்துட்டேன். எனக்குப் புடிச்சிருக்கு."

எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்ற கடைக்காரர்கூடத் திரும்பினார். உத்தமன் அப்போதுதான் அப்பளத்தை விட்டுத் தலையை நிமிர்த்தினான்.

"அப்ப நான் எப்பப் பாக்கறது?"

"கண்ணாலம் ஆவட்டும்" என்றாள் லோகநாயகி. "அப்பாலிக்கா நிதானமா பாத்துக்கோங்க."