அடையாளம் இல்லையென்றால் கல்கத்தா

1. போன சனிக்கிழமை சென்னீர்குப்பத்தில் நின்று ஒரு இளநீர் குடித்தேன்.
2. கைப்பேசியில் சார்ஜ் இல்லாததால் ரூபாய் நோட்டை நீட்டினேன்.
3. இளநீர்க்காரர் கோணிக்கு அடியில் துழாவி, மீதியோடு ஒரு இரண்டு ரூபாய்க் காசும் கொடுத்தார்.
4. அதன் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் இரண்டு விரலால் பிடித்துச் சுழற்றினேன். பின்பக்கத்துச் சிங்கம் நேராக நின்றது. வருடத்துக்குக் கீழே பார்த்தேன். வட்டப் புள்ளி.
5. "இன்னாம்மா அப்டிப் பாக்கறே? நல்ல காசுதான், செல்லும்" என்றார் அவர்.
6. "நொய்டா" என்று சொல்ல வலப்பக்கம் திரும்பினேன். அங்கே ஒரு தண்ணீர் லாரி நின்றிருந்தது.

வலப்பக்கம் ஷம்ஷாத்தின் இடம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் நாங்கள் இருவரும் ஒரே நாளில் பயிற்சிக்குச் சேர்ந்தோம். தகட்டை டை என்கிற இரும்பு அச்சுக்கு நடுவில் வைத்து அடித்து, வண்டிகளுக்கான கிளாம்ப் செய்யும் பட்டறை அது. நான் டிப்ளமோ முடித்த கையோடு வந்தவள். அப்பாவின் வேலை மாற்றலில் சாத்தூரிலிருந்து வந்து சென்னீர்குப்பம் அடுக்ககத்தில் குடியேறியிருந்தோம். ஷம்ஷாத் பூந்தமல்லிக்காரி. அவளுடைய அத்தாவுக்கு அங்கே பாத்திரக்கடை. நான் 'என்னன்னு' சொன்னால் அவள் 'இன்னான்னு' திருத்துவாள். பட்டணத்துக்கு வந்தும் எனக்குப் பேச வரவில்லை என்பது அவள் கட்சி.

இருவருக்கும் தர சோதனையில் வேலை. ஜன்னல் ஓரம் ஒரு மேசை, ஒரு லென்ஸ், ஒரு சிவப்புத் தொட்டி. பிசகான கிளாம்ப் தொட்டிக்குள் போக வேண்டும். கூலண்ட் எண்ணெய் வாசனை கையை விட்டுப் போகவே போகாது. அம்மா கட்டிக்கொடுக்கும் எலுமிச்சை சாதம்கூட மதியத்துக்குள் இரும்பு வாசனை அடிக்கும். பழைய காசிலும் ஏறக்குறைய அதே வாசனைதான். அதனால்தானோ என்னவோ, ஷம்ஷாத் தன் அத்தாவின் கல்லாவில் ஒதுக்கிவைத்த காசுகளைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துவந்த முதல் நாளே எனக்கு அவை அந்நியமாகத் தோன்றவில்லை.

"ராஜா தலை போட்ட காசு இருந்தா காட்டு, இதெல்லாம் தெருவுல கெடக்கறதுதானே" என்றேன், பெரிய விவரம் தெரிந்தவள் மாதிரி. அவள் ஒரு நாலணாவை லென்ஸுக்கு அடியில் தள்ளினாள். காண்டாமிருகம் போட்ட நாலணா. வருடத்துக்குக் கீழே கடுகில் பாதி அளவுக்கு ஒரு நட்சத்திரம். நான் அந்தக் காசைப் பள்ளிக்கூட நாட்கள் முழுவதும் செலவழித்திருக்கிறேன். நட்சத்திரத்தைப் பார்த்ததே இல்லை.

அன்றைக்கே மனதுக்குள் பட்டியல் போட்டுவிட்டேன். பட்டியல் போடாமல் எனக்குப் பல் தேய்க்கவும் வராது. காசை அடித்த ஊருக்கு வருடத்துக்குக் கீழே ஒரு குறி: வைரம் பம்பாய், நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப் புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கல்கத்தா. ஹைதராபாத்தில் மட்டும் ஒரு காலத்தில் பிளந்த வைரம், நடுவில் புள்ளி வைத்த வைரம் என்று மனம் போனபடி போட்டிருக்கிறார்கள். வெளிநாட்டில் அடித்து வந்த ரூபாய்களும் உண்டு. ஆங்கில எம் எழுத்தின் தலையில் குட்டி வட்டம் வைத்த மெக்சிகோ காசு கிடைத்த அன்று ஷம்ஷாத் கேன்டீனில் எனக்கு இரண்டாவது வடை வாங்கிக்கொடுத்தாள்.

அடையாளம் பார்ப்பது அவள் பங்கு என்றால், பிசகு பார்ப்பது என் பங்கு. காசும் கிளாம்பும் பிறக்கிற விதம் ஒன்றுதானே. சுழற்றிப் பார்க்கும்போது சிங்கம் சாய்ந்து நின்றால், அடிக்கும்போது டை கழன்று திரும்பியிருக்கிறது. காந்தி முகத்தில் ஓடுகிற கோடு டை விரிசலா, யாரோ போட்ட கீறலா என்பதற்கு ஷம்ஷாத் ஒரு வழி வைத்திருந்தாள். "நகத்த வெச்சுத் தேய்டி. நகம் தட்டுச்சுன்னா விரிசல். பள்ளத்துல உழுந்துச்சுன்னா கீறல், தூக்கிப் போடு." டை விரிந்தால் உலோகம் அந்த விரிசலுக்குள் போய்க் காசில் மேடாக நிற்கும். இதை மூன்று வருடம் படித்துத் தேறிய என்னை அவள் நகத்தால் தாண்டிவிட்டுச் சிரித்தாள். காலை முழுவதும் பிசகைக் கண்டால் முகத்தைச் சுளித்துச் சிவப்புத் தொட்டியில் எறிவோம். மதியம் பிசகைக் கண்டால் கைக்குட்டையில் முடிந்து வைப்போம்.

எங்களுக்குள் வந்த ஒரே பெரிய சண்டை அடையாளம் இல்லாத ஒரு நாலணாவுக்காக. கல்கத்தா என்றாள் அவள். டையில் கிரீஸ் அடைத்து நட்சத்திரம் விழாமல் போயிருக்கும், அது ஹைதராபாத் என்றேன் நான். "இல்லாததையும் இருக்குன்ற, நீ வக்கீலாப் போயிருக்கணும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பஸ்ஸில் வேலப்பன்சாவடி தாண்டும் வரை ஜன்னல் பக்கமே பார்த்துவந்தாள்.

பயிற்சி முடிய ஒரு மாதம் இருந்தபோது அனுப்பிய சரக்கு ஒன்று திரும்பி வந்தது. எங்கள் பட்டறையில் அடித்தது என்பதற்குக் கிளாம்பின் காதோரம் ஒரு சின்ன முக்கோணம் விழ வேண்டும். திரும்பி வந்த கிளாம்புகளில் அது இல்லை. வெளிப்பட்டறைச் சரக்கைக் கலந்துவிட்டார்கள், சோதித்தவள் கண்டும் காணாமல் விட்டிருக்கிறாள் என்று சூப்பர்வைசர் முடிவு கட்டினார். சோதித்தவள் ஷம்ஷாத். பயிற்சி முடிந்ததும் எங்களை நிரந்தரமாக்கி, கிளாம்புகளை நுணுக்கமாக அளக்கும், ஏசி போட்ட அளவை அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி தருவதாகப் பேச்சிருந்தது. அந்த நாற்காலிகளை நாங்கள் மனதில் போட்டு உட்கார்ந்தே விட்டோம். இப்போது கேன்டீனில் அவளைப் பார்த்ததும் மற்றவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனார்கள்.

நான் ஒரு கிளாம்பை எடுத்து, நாலணாவைப் பார்ப்பது போலவே, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சாய்த்துப் பார்த்தேன். முக்கோணத்தின் இரண்டு காலும், நீரில் போட்ட கோடு மாதிரி, லேசாகத் தெரிந்தன. பிரஸ் ஓட்டும் மாரி அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் முக்கோணத்தைப் பதிக்கும் பஞ்ச் ஆணியைக் கழற்றி, ஊசியால் நோண்டினார். கெட்டிப்பட்ட கிரீஸ் ஒரு துணுக்கு வந்தது. மறுபடி மாட்டி ஒரு தகட்டை அடித்தார். முக்கோணம் பளிச்சென்று விழுந்தது. "எங்க மால்தான் சார் இது, பொண்ண உட்டுடு" என்றார், கையைத் துடைத்துக்கொண்டே.

சூப்பர்வைசர் விடவில்லை. கலக்கவில்லை, சரி. முக்கோணம் இல்லாததை எப்படித் தேற விட்டாய் என்றார். ஷம்ஷாத் என்னைப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரிந்தவளாக இருந்தால் அப்போது சொல்லியிருக்கலாம்.

"பாத்தேன் சார். ஒண்ணும் இல்ல. எனக்கு ஒண்ணும் இல்லாட்டி கல்கத்தா. கை தானா அந்தாண்ட வெச்சிருச்சு."

அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அந்த எஸ்டேட்டில் வேறு யாருக்கும் அந்தத் தப்பு வந்திருக்காது. துளையையும் தடிமனையும் அளந்தவள், வெறுமையையும் ஒரு அடையாளமாகப் படித்து நகர்ந்திருக்கிறாள். மாரி அண்ணன் மட்டும், "கல்கத்தாக்கு எப்பம்மா சரக்கு போச்சு?" என்று கேட்டார். ஷம்ஷாத்துக்கும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு சூப்பர்வைசருக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

மாதம் முடிந்ததும் எனக்கு நிரந்தர ஆணை வந்தது. அவளுக்குப் பயிற்சியை நீட்டித்தார்கள். அவள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். பஸ் நிறுத்தத்தில் நான் விடாமல் காரணங்களை ஒன்று, இரண்டு என்று அடுக்கினேன். இன்னும் சில மாதம்தான், பிறகு அளவை அறைதான், உன் நாற்காலியை யாருக்கும் தர மாட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "தப்பு பண்ணேன்னு சொன்னா நின்னிருப்பேன்டி, பண்ணேன்ல. ஆனா ஃபிராடுன்னு நெனச்சாரு பாரு. அந்தாள் எதிர்ல குந்திகினு தெனம் டீ குடிக்கச் சொல்றியா?"

மூன்றுக்கு மேல் என்னிடம் காரணம் இல்லை. பூந்தமல்லி பஸ் வந்தது. அன்றைக்கும் ஒன்றாகத்தான் ஏறினோம், என் நிறுத்தத்தில் நான் இறங்கினேன்.

அளவை அறையில் குளிர் நன்றாகத்தான் இருந்தது. பக்கத்து நாற்காலியில் யார் யாரோ உட்கார்ந்தார்கள். ஒருமுறை சாய்ந்த சிங்கம் ஒன்று கிடைத்தபோது அங்கிருந்த பையனிடம் காட்டினேன். எவ்வளவுக்குப் போகும் என்று கேட்டான். காசைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பட்டறை ஒரகடம் பக்கம் போய்விட்டது. அந்தக் கொட்டகையில் இப்போது பார்சல் கிடங்கு. நாலணாவைச் செல்லாது என்று சொல்லிப் பல வருடம் ஆகிறது. செல்கிற காசுகளும் கைக்கு வருவதில்லை. நானே எங்கே போனாலும் கைப்பேசியைக் காட்டிவிட்டு நகர்கிறேன், குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

ஷம்ஷாத் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் தர சோதனைத் தலைவியாக இருக்கிறாள். பெருநாளுக்கு நான் கூப்பிடுவேன், பொங்கலுக்கு அவள் கூப்பிடுவாள். பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோம், உடம்பைப் பற்றிப் பேசுவோம். கடைசியாக நாங்கள் சேர்ந்து பார்த்த காசு எது என்று எனக்கு நினைவில்லை. போன பொங்கலுக்குக் கேட்டேன். அவளுக்கும் நினைவில்லை.