காரமடையில் ஒரு பஞ்சர்

காரமடையில் ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில் என் கார் பஞ்சராகி நிற்கிறது. ஸ்டெப்னி எடுக்க டிக்கியைத் திறக்கிறேன். அவ்வளவுதான், ரிசப்ஷனுக்கு வந்த வேட்டிக்காரர்கள் நாலைந்து பேர் பேப்பர் கப்போடு ஓடிவந்து சூழ்ந்துகொள்கிறார்கள். இந்தப் பக்கக் கல்யாணங்களில் விஸ்கி பந்திக்கு வராது. யாராவது ஒருவரின் கார் டிக்கியில்தான் இருக்கும்.

"ஏனுங்க, மாப்பிள்ளை ஊட்டு வண்டிங்களா? நமக்கு சோடா ஆகாதுங்க, எளநி கலந்து ஊத்துங்க" என்கிறார் ஒரு மீசைக்காரர்.

"ஸ்டெப்னிதாங்க இருக்கு."

எட்டிப் பார்க்கிறார்கள். முகங்கள் வாடுகின்றன. ஆனாலும் விட்டுவிட்டுப் போக மனமில்லை. காலிக் கப்புகளை டிக்கியில் வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, என் கையிலிருந்த ஜாக்கியைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பட்டுச்சேலை சரசரக்க மீசைக்காரரின் மனைவி வருகிறார். "இங்க என்னங்க பண்றீங்க?"

"சத்தியமா பஞ்சர் அம்மணி!" கிரீஸ் அப்பிய இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுகிறார் அவர்.

அந்த அம்மா கழற்றிய டயரைப் பார்க்கவே இல்லை. கப்புகளைப் பார்க்கிறார். பிறகு என் பக்கம் திரும்புகிறார்.

"போன கல்யாணத்துலயும் பஞ்சர்தானுங்க. கையில கிரீஸ் பூசிக்கிறது மட்டும் இந்தத் தடவ புதுசுங்க."