குண்டனின் கொர்கொர் சத்தம்

விலங்குகளுக்கான இருதய கிளினிக்கில் அந்த அக்காவுக்கு ஒரே வேலைதான்: பிடித்துக்கொள்வது. டாக்டர் ஸ்கேன் எடுத்து முடிக்கும்வரை நாயோ பூனையோ ஒருக்களித்துப் படுத்திருக்க வேண்டும். கடிக்க வந்த நாய்கூட அக்கா கை பட்டதும் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடும். இருபத்திரண்டு வருஷ அனுபவம். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

தொல்லை பூனைகளிடம்தான். அக்கா தொட்டதும் சொக்கிப்போய்க் கொர்கொர் என்று ஆரம்பித்துவிடும். அந்தச் சத்தத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து என்ன கேட்பது? தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவார்கள். பூனை மிரண்டு சத்தத்தை நிறுத்தும் பத்து நொடிக்குள் டாக்டர் துடிப்பைக் கேட்டுக்கொள்வார்.

அக்கா வீட்டுப் பூனை குண்டனிடம் மட்டும் இந்தப் பாச்சா பலிக்கவில்லை. அவன் குழாயில் தண்ணீர் குடித்தே வளர்ந்தவன். வருஷா வருஷம் பரிசோதனைக்கு வந்தால் அக்கா கையில் மோட்டார் மாதிரி உறுமிக்கொண்டே இருப்பான்.

"ஒண்ணுமே கேக்கல அக்கா. அடுத்த தடவை பாத்துக்கலாம்," என்பார் டாக்டர்.

"இவ்வளவு சந்தோஷமா இருக்கிறவனுக்கு என்ன வந்துடப்போகுது டாக்டர்?"

மூன்று வருஷம் இப்படியே போனது. ஊரார் பூனைக்கெல்லாம் ஸ்கேன் எடுத்தவர்கள், சொந்தப் பூனைக்கு எடுக்கவில்லை.

ஒருநாள் காலையில் அக்காவின் வீட்டுக்காரர்தான் கவனித்தார். "இவனுக்கு மூச்சு வாங்குதே, பாத்தியா?"

அக்கா குண்டனை மடியில் எடுத்தார். கொர்கொர். "நல்லாத்தாங்க இருக்கான்," என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார். மதியம் வீட்டுக்காரர் அவனைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கே ஓடி வந்தார். குண்டன் வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அப்போதும் அக்காவைப் பார்த்ததும் கொர்கொர்.

"நீங்க வெளியே இருங்க அக்கா," என்றார் டாக்டர்.

"நான் பிடிக்காம எப்படி டாக்டர்?"

"உங்களைப் பாத்தா எழுந்து வரப் பாக்குறான். அதுக்குக்கூட இப்போ அவனுக்கு மூச்சு இல்ல."

மற்றவர்களை உட்காரவைக்கும் பெஞ்சில் அக்கா முதல்முறையாக உட்கார்ந்தார். கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. உள்ளே சத்தமே இல்லை. கொர்கொர்கூட இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வந்தார். இதயச் சுவர் தடித்துப்போய், நுரையீரலைச் சுற்றி நீர் கட்டியிருந்ததாம். ஊசி வைத்து எடுத்தாயிற்று. ஆக்சிஜன் பெட்டியில் இருக்கிறான்.

"காலைலகூட கொர்கொர்னு இருந்தானே டாக்டர்."

"வலிச்சாலும், மூச்சு முட்டினாலும் பூனைங்க அப்படிச் சத்தம் போடும் அக்கா. நமக்குத் தெரியாததா? மூணு வருஷம் நானும்தான் விட்டுட்டேன்."

அக்காவுக்குத் தெரியும்தான். எத்தனையோ பேருக்கு அவரே சொல்லியிருக்கிறார். தன் மடியில் இருப்பவன் சந்தோஷத்தில்தான் சத்தம் போடுவான் என்று நினைத்துவிட்டார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

மூன்றாம் நாள் குண்டன் வீடு திரும்பினான். ஆயுசுக்கும் மாத்திரை. அதோடு தினமும் அவன் அசந்து தூங்கும்போது ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணி டாக்டருக்குச் சொல்ல வேண்டும். முப்பதைத் தாண்டினால் உடனே கொண்டுவர வேண்டும். பக்கத்தில் போனால் விழித்துக்கொள்வான், மறுபடி கொர்கொர், எண்ணிக்கை கெட்டுவிடும். அதனால் அக்கா அடுப்படி வாசலிலேயே நின்று, கடிகாரத்தையும் அவன் விலாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

"இருபத்தி நாலு டாக்டர்," என்றார், குரலைத் தாழ்த்தி.

"அப்போ பயமில்ல. எண்ணி முடிச்சாச்சுல்ல, போய்த் தொட்டுக் கொஞ்சுங்க."

அக்கா அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேண்டாம் டாக்டர். தூங்கட்டும்."