வெர்லீன் டாக்கெட் வாங்காத பட்டம்

வெர்லீன் டாக்கெட் வியாழக்கிழமை இறந்தாள். அடுத்த திங்கட்கிழமை காலையில் அவள் மகள் கெண்ட்ரா கல்லூரி அலுவலகத்துக்குப் போனாள். அம்மாவின் பட்டத்தைக் கேட்டு வாங்க வேண்டும். சனிக்கிழமை அடக்கம். அதற்குள் வேண்டும்.

தானியக் கிடங்கில் எடைக் கருவிகளைச் சரிபார்ப்பது கெண்ட்ராவின் வேலை. கருவி தப்பாகக் காட்டினால் கோளாறு எங்கே என்று தேடுவாள், கண்டுபிடிப்பாள், சரிசெய்வாள். இதையும் அப்படிச் சரிசெய்துவிடலாம் என்றுதான் போனாள்.

வெர்லீன் அதே கல்லூரியில் பத்தொன்பது வயதில் சேர்ந்தவள். இரண்டாம் பருவத்தில் கெண்ட்ரா வயிற்றில் வந்தாள். படிப்பு நின்றது. அதன்பிறகு பள்ளிப் பேருந்துப் பணிமனையில் ரேடியோ மேசை. கன்சாஸ் பனியில் எந்த வண்டி எந்தப் பண்ணைச் சாலையில் புதைந்து கிடக்கிறது என்று விசாரித்து, ஓட்டுநர்களைத் திட்டி, பிள்ளைகளை வீடு சேர்க்கிற வேலை. திட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

அவளுக்கு ஆறாத எரிச்சல் ஒன்று இருந்தது. வேலைக்கோ கடனுக்கோ எந்தப் படிவத்தை நீட்டினாலும், படிப்பு என்ற இடத்தில் அவளுக்கென்று இருந்த கட்டம் 'கொஞ்சம் கல்லூரி', சேர்ந்து முடிக்காதவர்களுக்கானது.

"கொஞ்சம் கல்லூரியாம்! கொஞ்சம் கர்ப்பம்னு ஒண்ணு உண்டா? இருந்திருந்தா நான் படிப்ப முடிச்சிருப்பேன்."

"அம்மா, நான் இங்கதான் உக்காந்திருக்கேன்."

"உன்னத்தாண்டி சொல்றேன். முழுசா வந்து பொறந்தியே."

ஐம்பதைத் தாண்டிய பிறகு வழி தெரிந்தது. ராணுவத்திலிருந்து வந்த ஓட்டுநர் ஒருவன் சொன்னான்: எல்லாப் பாடத்துக்கும் வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. வெளியே தேர்வு நடத்துகிறார்கள். நீயே படித்து, நீயே போய் எழுது. தேறினால் அந்தப் பாடத்தை முடித்ததாகக் கல்லூரி ஏற்றுக்கொள்ளும்.

வெர்லீன் படிப்பின் மேல் சண்டைக்குப் போவது போலப் பாய்ந்தாள். நூலகப் புத்தகம் ரேடியோ மேசையில் திறந்தே கிடக்கும். சமூகவியல் படித்துவிட்டு, "இதுல இருக்கறதெல்லாம் நம்ம ஏழாம் நம்பர் வண்டியில தினம் நடக்குது, இதுக்கு ஒரு புத்தகமா?" என்றாள். மேற்கத்திய நாகரிகம், பொருளாதாரம், உயிரியல் எல்லாம் தேறினாள். அல்ஜீப்ராவில் தோற்றாள். மறுபடி எழுத மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். "மூணு மாசம் ஊறப்போட்டா மூளை வெந்துருமா?" என்று கத்தினாள். கெண்ட்ரா போனில் சமன்பாடு சொல்லிக்கொடுத்தாள். அவள் கத்துவாள், இவள் கத்துவாள், அப்பா லானி டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பார். இரண்டாம் முறை தேறினாள்.

கல்லூரியிலேயே உட்கார்ந்து படித்தாக வேண்டிய வகுப்புகளும் சில உண்டு. அவற்றைச் சனிக்கிழமைகளில் போய், போன இலையுதிர் பருவத்தோடு முடித்தாள். மிச்சம் ஒரே தேர்வு, ஸ்பானிய மொழி. அதை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தாள். பணிமனையில் பாதிப் பேர் அந்த மொழிக்காரர்கள். அவர்களை அவர்கள் மொழியிலேயே ரேடியோவில் வைது பழகியவள். "அது எனக்குச் சாப்பாட்டுக்கு அப்புறம் வர்ற இனிப்புத் துண்டு" என்பாள்.

தேர்வு மட்டும்தானே பாக்கி என்று இந்த வசந்தப் பருவத்தில் கல்லூரியில் எதற்கும் பதியவில்லை. தேர்வெழுதிப் பட்டம் முடிக்கிற யாரும் அப்படித்தான் செய்வார்கள். உட்காராத நாற்காலிக்கு எவன் பணம் கட்டுவான்? செவ்வாய்க்கிழமை தேர்வு. அதற்கு முந்தின வியாழக்கிழமை, பணிமனை வாசலில், மாரடைப்பு.

அலுவலகத்தில் இருந்தவர் திருமதி அன்ரூ. நல்ல மாதிரி. கண் துடைக்கும் காகிதப் பெட்டியைக் கெண்ட்ரா பக்கம் நகர்த்தினார். கெண்ட்ரா அதைத் தொடவில்லை.

"இறந்தவங்களுக்குப் பட்டம் தர எங்ககிட்ட விதி இருக்கு மா. முடிக்கக் கொஞ்சம்தான் பாக்கின்னா தரலாம். ஆனா இறந்த பருவத்துல அவங்க இங்க மாணவியா பதிவாகி இருக்கணும்."

"நாளைக்குத் தேர்வு. அதுக்குப் பதிஞ்சிருந்தாங்க."

"அது வெளியார் நடத்தற தேர்வு. எங்க கணக்குப்படி இந்தப் பருவம் அவங்க மாணவி இல்ல."

"அப்ப யாரு அவங்க?"

திருமதி அன்ரூ பெருமூச்சு விட்டார். "ஏதாவது ஒரு வகுப்புல பேர் இருந்தாப் போதும். ஒரு பௌலிங் வகுப்பு எடுத்திருந்தாக்கூட…"

"பௌலிங்."

"உடற்பயிற்சிப் பாடம் மா. வாரம் ஒரு நாள்."

குண்டை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற விளையாட்டு. கெண்ட்ரா நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

"நான் சொல்றது சரியான்னு பாருங்க. அம்மா குண்டு உருட்டி இருந்தா பட்டதாரி. உருட்டாம உயிரியலும் பொருளாதாரமும் படிச்சதால யாரும் இல்ல."

"விதிய நான் எழுதல."

"எழுதினவங்கள கூப்பிடுங்க."

"அது ஒரு குழு. செப்டம்பர்லதான் கூடும்." குரலைத் தணித்துக்கொண்டார். "நினைவுச் சான்றிதழ் ஒண்ணு தரலாம். சனிக்கிழமைக்குள்ள கிடைக்கும். முத்திரையெல்லாம் போட்டு அழகா இருக்கும்."

"பட்டமா அது?"

"இல்ல. 'கல்வியில் ஆர்வம் காட்டியவர்'னு வரும்."

கெண்ட்ரா எழுந்தாள். வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றாள்.

வீட்டில் சர்ச் பெண்கள் கொண்டுவந்து வைத்த நூடுல்ஸ் பதார்த்தத்தை லானி முள்கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தார். சாப்பிடவில்லை. மகள் சான்றிதழைப் பற்றிச் சொன்னதும் தலை நிமிர்ந்தார்.

"வாங்கிடு கண்ணு. பெட்டி பக்கத்துல வைக்க ஏதாவது வேணும். யாரு நெருங்கி வந்து படிச்சுப் பாக்கப் போறா?"

"அம்மா பாப்பாங்க."

பிறகு கெண்ட்ரா பௌலிங் கதையைச் சொன்னாள். லானி வாராவாரம் பௌலிங் குழுவோடு ஆடப் போகிறவர். முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன் அவளை! ஒரு நாள் வந்ததில்ல. அங்க வாடகைக்குக் குடுக்கற, கண்டவன் போட்டுக் கழட்டின செருப்புல என் கால வைக்க மாட்டேன்னா." அவர் கழுத்து சிவந்துகொண்டே வந்தது. "அந்தச் செருப்பப் போட்டிருந்தாப் பட்டமா? நம்பரக் குடு."

வாழ்நாளில் யாரையும் அதட்டிப் பேசாத மனுஷன். திருமதி அன்ரூ போனை எடுத்ததும் லானி எழுந்து நின்றுகொண்டார்.

"வெர்லீன் புருஷன் பேசறேன். அவளுக்கு ஆர்வமெல்லாம் இல்லங்க. கோபந்தான் இருந்துச்சு. அந்தக் கோபத்துலதான் அத்தனையும் படிச்சா. அப்படி எழுதி முத்திரை போட முடிஞ்சாத் தாங்க. இல்லன்னா உங்க சுவத்துலயே மாட்டிக்கோங்க."

வைத்துவிட்டார். கெண்ட்ரா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள், அம்மா தேர்வு மையத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய நேரத்தில், இருவரும் அடக்க நிலையத்தில் உட்கார்ந்து பத்திரிகைக்கு இரங்கல் குறிப்பு எழுதினார்கள். அங்கிருந்தவர் வழக்கப்படி கேட்டார்: "எங்க படிச்சாங்கன்னு போடட்டும்?"

கெண்ட்ரா சொல்லச் சொல்ல அவர் எழுதினார். தேறிய தேர்வுகள் ஒன்றுவிடாமல். அல்ஜீப்ரா இரண்டாம் முறை. 'ஸ்பானிய மொழி எழுதுமுன் இறந்தார். பட்டம் தரப்படவில்லை. பதிலுக்குத் தர வந்த சான்றிதழைக் குடும்பம் வாங்கவில்லை.'

அவர் பேனாவை நிறுத்தினார். "இரங்கல் குறிப்புல இப்படி யாரும் போடறதில்லயே மா."

"போடுங்க" என்றார் லானி.

சனிக்கிழமை பாதிரியார் அதை அப்படியே வாசித்தார். அல்ஜீப்ரா வந்ததும் ஓட்டுநர்கள் உட்கார்ந்திருந்த வரிசையில் யாரோ சிரித்துவிட்டு அழுதார்கள். முடிந்து வெளியே வரும்போது, கடைசி வரிசையிலிருந்து திருமதி அன்ரூ எழுந்து வந்து கையை நீட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. நிஜமாகவே கலங்கியிருந்தது.

கெண்ட்ரா அந்தக் கையைப் பார்த்தாள். கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு, அம்மாவின் பெட்டிக்குப் பின்னால் நடந்தாள்.