ஒக்லாந்து விமான நிலையத்தில் ஒரு பொட்டுவெடித் துப்பாக்கி

1996, தீபாவளிக்கு இரண்டு நாள் முன். மதியம் 1.10க்கு ஒக்லாந்தில் இறங்கினேன். வெளியே தங்கை வதனியும் அவள் குடும்பமும் காத்திருந்தார்கள். விமான நிலையத்தருகே மங்கரேயில் நாளுக்கு 95 டொலர் வாடகையில், படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள கேம்பர் வான் ஒன்றை எடுத்து, அன்றே 230 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் ரொட்டொருவாவுக்குப் புறப்படுவதாகத் திட்டம். வதனியைக் கண்டு ஒன்பது வருடங்கள். அவள் அகதியாக இங்கே வந்தவள். நான் யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிப்போய்ச் சென்னையில் தங்கிவிட்டவன்.

1.40. சுங்க அதிகாரி என் பெட்டிக்குள் கைவிட்டு, வதனியின் மகனுக்காகப் பாண்டி பஜாரில் முப்பத்தைந்து ரூபாய்க்கு வாங்கிய பொட்டுவெடித் துப்பாக்கியை வெளியே எடுத்தார். கறுப்புத் தகரம், பார்வைக்கு அசலேதான். கூடவே இரண்டு சுருள் வெடிப்பொட்டு. வருகை அட்டையில் ஆயுதம், வெடிபொருள் உண்டா என்ற கேள்விக்கு நான் 'இல்லை' என்று அடையாளமிட்டிருந்தேன். கையில் இலங்கைக் கடவுச்சீட்டு வேறு. அடுத்த விமானத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், தங்கச்சியைப் பாராமலே போகப்போகிறேன் என்றே நினைத்தேன். என் மடத்தனத்தை என்னவென்று சொல்ல!

ஒரு வாங்கில் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் ஓர் அமெரிக்கக் கிழவர், காலடியில் நீளப் பெட்டி. உள்ளே அசல் வேட்டைத் துப்பாக்கியாம்! மனுஷன் ஆறுதலாகப் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குப் பயமில்லையா?"

"எதற்கு? என் கேம்பர் வானில் வருடாவருடம் கனடாவைக் கடந்து அலாஸ்காவுக்குப் போகிறேன். கைத்துப்பாக்கியைக் கனடா விடாது, அதை வீட்டிலேயே வைத்துவிடுவேன். இதைக் குண்டில்லாமல் பூட்டிவைத்து, எல்லையில் அவர்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுவேன். இங்கேயும் அப்படித்தான். பொலிஸ் தற்காலிக லைசென்ஸ் எழுதுகிறது."

2.15க்குக் காகிதத்தை வாங்கிக்கொண்டு அவர் துப்பாக்கியோடு போயே போய்விட்டார். பொம்மை கொண்டுவந்த நான் மட்டும் மிச்சம்.

2.50. அதிகாரி வந்தார். "ஏன் 'இல்லை' என்று போட்டீர்கள்?"

"விளையாட்டுச் சாமான்தானே என்று நினைத்தேன்."

அது பாதி உண்மை. எங்கள் ஊர்ச் சோதனைச் சாவடிகளில் சீருடைக்காரன் கேள்வியை முடிக்குமுன்பே வாய் 'இல்லை' என்று சொல்லிவிடும். எதற்கு 'ஓம்' என்றாலும் ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள். குண்டு செய்யத்தான் என்று, டோர்ச் பற்றரி வைத்திருந்ததற்கே போனவர்கள் உண்டு. அந்தப் பழக்கத்தை நான் இங்கே வந்தும் விடவில்லை.

அவர் புது அட்டை ஒன்றை நீட்டினார். "இருப்பதைச் சொன்னால் பொருளைத்தான் சோதிப்போம். ஒளித்தால் உங்களைச் சோதிக்க வேண்டிவரும்."

'ஆம்' என்று அடையாளமிட்டேன். துப்பாக்கியையும் பொட்டுச் சுருள்களையும் அவர் எடுத்துக்கொண்டு, "நன்றி, நீங்கள் போகலாம்" என்றார். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது.

3.10. வதனி ஓடிவந்தாள். கட்டிப்பிடிக்கவில்லை. முதலில் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இவ்வளவு நேரமும் என்ன அண்ணா செய்தவங்கள்? அடிச்சவங்களோ?"

இந்த நாட்டுக்கு வந்து ஏழு வருடமாகிறது அவளுக்கு. ஒக்லாந்தின் சான்ட்ரிங்ஹாமில் சொந்த வீடு, பிள்ளை ஆங்கிலத்தில்தான் பதில் சொல்கிறான்.

"இல்லையடி. நன்றி சொன்னவன்" என்றேன்.

அவள் நம்பவில்லை.