நாலு சில்லும் இழுக்கிற வான்

என் மனுசனோடு காரில் போவது ஒரு காலத்தில் எனக்கு அறவே பிடிக்காது. ஸ்ரியறிங் என் கையில் இருக்கும், ஆனால் ஓட்டுவது அவர். "பிறேக்கைப் பிடியும்", "லேன் மாறும்", "உவன் வாறான், பாரும்" என்று ரொறன்ரோவில், அஜின்கோர்ட்டில் எங்கள் கட்டடத்து வாசலில் தொடங்கினால், போய்ச் சேருமட்டும் வாய் ஓயாது. நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். தினமும் காலையில் பஸ்ஸைச் சுற்றி வந்து, குனிந்து அடிப்பாகம் பார்த்து, ரயரைத் தட்டி, வெக்ஸ்போர்ட் முழுக்கப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவள். எனக்கே பாடம் எடுத்தால் கோபம் வராதா? "அப்ப நீங்களே ஓடுங்கோ" என்று ஓரத்தில் நிறுத்தி, கார்த் திறப்பை அவர் மடியில் போட்டுவிட்டு இறங்கிய நாட்களும் உண்டு.

பிறம்ரனில் அவர் வேலை செய்த வெயர்ஹவுஸில் ஓர் அடுக்கு சரிந்து அவர் முதுகில் விழுந்தது. அதற்குப் பிறகு சக்கர நாற்காலி. பக்கவாட்டில் சரிவுப் பலகை இறங்குகிற மினிவான் ஒன்று வாங்கினோம். நாற்காலியோடு உருண்டு வந்து எனக்குப் பின்னால் இருப்பார். பேச்சே இல்லை. மஞ்சள் விளக்கில் நான் பாய்ந்து போனாலும் ஒன்றும் சொல்லமாட்டார். ஒருநாள் வேண்டுமென்றே சிக்னல் போடாமல் லேன் மாறிப் பார்த்தேன். பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான், இவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் பிடித்தது.

விபத்துக்கு முன் மாசி மாதம் வந்தால் அவரைப் பிடிக்க முடியாது. வேலையிடத்துக் கூட்டாளிகளோடு வடக்கே ஓர் ஏரிக்குப் போவார். உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு, அதற்குள் தூண்டிலை விட்டு, நாள் முழுக்கக் குந்தியிருந்து இரண்டு சின்ன மீனோடு வருவார். எனக்கு அது விசர் வேலையாகத்தான் பட்டது. ஆனால் வீட்டுக்குள் கால் வைக்கும்போது அந்த முகத்தைப் பார்க்கவேண்டும்.

போன வருஷம் அவரை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். ஏரிக்கரைக்கு இறங்கும் பாதையில் யாரும் ஸ்னோ அள்ளுவதில்லை. நாற்காலி ஏறுவதற்காக மினிவானின் தரையை வெட்டி இறக்கியிருந்தார்கள், அதனால் வானின் அடிவயிறு ஸ்னோவில் குந்திவிட்டது. முன் சில்லுகள் சும்மா சுழன்றன. ஏரியில் நின்ற கூட்டாளிகள் நாலு பேர் வந்து, அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு திரும்ப மேட்டில் ஏறினார்கள். தூக்கியவர்கள் சிரித்துப் பேசினார்கள், நல்ல மனத்தோடுதான். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: "இனி என்னை ஒரு இடமும் கூட்டிக்கொண்டு போகாதேயும்."

சொன்னபடியே இருந்தார். கலியாண வீடு இல்லை, கடை இல்லை. பல்கனிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் நாற்காலி. இந்த மனுசனை நான் இப்படியே விட்டால் திரும்பி வரமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அடுத்த மாசியில் அந்தப் பாதையில் அவரை இறக்கிக் காட்டுகிறேன், யாரும் தூக்காமல், என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன்.

அதற்கு நாலு சில்லும் இழுக்கிற, உயரமான வான் வேண்டும், நாற்காலியைத் தூக்கி ஏற்றுகிற லிஃப்றோடு. அப்படி ஒன்று தயாராக எங்கேயும் கிடைக்கவில்லை. சாதாரண வானை வாங்கி, முன் சில்லுகளும் இழுக்கும்படி அடிப்பாகத்தை மாற்றிக் கட்டவேண்டும். நான் தேடிய அளவில், லிஃப்றோடு சேர்த்துச் செய்கிற கடைகள் எல்லைக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவில்தான் இருந்தன. கனடா என்றதும் கையை விரித்தார்கள். ஒருவன், விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது, வீட்டுக்காரரிடம் போனைக் கொடுக்க முடியுமா என்று கேட்டான். முன் அச்சு எவ்வளவு பாரம் தாங்கும், லிஃப்றைச் சேர்த்தா சேர்க்காமலா என்று நான் கேட்டேன். அவன் யாரையோ கேட்டுச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டான். கடைசியில், எல்லை தாண்டி நாலு மணி நேர ஓட்டத்தில் ஒரு கடைக்காரர் ஒத்துக்கொண்டார். ஆனால் வானை நானே கொண்டுவந்து, நானே கொண்டுபோகவேண்டும்.

என் மனுசனின் தம்பி வீட்டுக்கு வந்து நியாயம் சொன்னார். "அண்ணி, உது தேவையில்லாத வேலை. திரும்பி வரேக்க போடரில மறிச்சு வைப்பாங்கள்."

"மறிச்சா மறிக்கட்டும். எனக்கு வாய் இல்லையே?" என்றேன்.

என் மனுசன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி, "அவ செய்வா," என்றார். அவ்வளவுதான். அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு நான் ஆறு மாதம் அலைந்தேன்.

ஒரு வானை வாங்கி எல்லைக்குக் கொண்டுபோகும்போதே நம் பக்கத்துச் சுங்கத்தில் நிறுத்தி, இந்த வான் இங்கிருந்துதான் போகிறது என்று தாள் வாங்கிக்கொண்டேன். திரும்பி வரும்போது ஓர் இளம் அதிகாரி, வானில் என்ன மாறியிருக்கிறது என்று கேட்டார். பில்லை நீட்டினேன். அவருக்கு விளங்கவில்லை. இறங்கி, கோட்டோடு குந்தி, இதுதான் புது அச்சு, இதுதான் முன்னுக்கு இழுவை கொடுக்கிற தண்டு என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். பாவம், அவரும் குனிந்து பார்த்தார். தினமும் பஸ்ஸுக்குக் கீழே பார்க்கிற கண்ணுக்கு இது பெரிய காரியமா? கட்டவேண்டிய வரியைக் கட்டிவிட்டு, தலையை நிமிர்த்திக்கொண்டு ரொறன்ரோவுக்கு ஓட்டி வந்தேன்.

அந்தத் தலைக்கனம் எங்கள் கட்டடத்து நிலத்தடி பார்க்கிங் வாசலில் இறங்கியது. டொக் என்று ஒரு சத்தம். உயரம் காட்டத் தொங்கவிட்டிருந்த கம்பியில் கூரை இடித்தது. நாற்காலியின் உயரம் அளந்தேன், ஸ்னோவின் ஆழம் அளந்தேன், சொந்த வீட்டு வாசலை அளக்க மறந்துபோனேன். தம்பியார் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். கட்டட அலுவலகத்தில் வெளியே நிறுத்த இடமில்லை என்றார்கள். மூன்று நாள், பஸ் ஓட்டம் முடிந்ததும் நேரே அங்கே போய் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் இடம் கிடைத்தது. ராஜமரியாதையோடு நிறுத்தினேன்.

மாசி வந்தது. "ஒருக்கா மட்டும் வாங்கோ. இறங்க வேண்டாம்," என்று கெஞ்சித்தான் ஏற்றினேன். வழி முழுக்க அவர் வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தார். பாதை இறங்கத் தொடங்கியது. போன வருஷம் புதைந்த அதே திருப்பம். கண்ணாடியில் பார்த்தேன், இரண்டு கையாலும் நாற்காலிச் சில்லை இறுக்கிப் பிடித்திருந்தார். வான் ஒருமுறை சரிந்து, புதைந்து, முனகியது. பிறகு முன் சில்லுகள் பிடித்தன. மெல்ல, இழுத்துக்கொண்டு போனது.

"வலப்பக்கம் வெட்டும்," என்று பின்னாலிருந்து ஒரு குரல். "என்ன ஓட்டம் உது? அக்சிலேற்றரை அமத்தாதேயும், சறுக்கும்."

"நாலு சில்லும் இழுக்குது. பேசாமல் இருங்கோ."

"நாலு சில்லும் இழுக்கும். பிறேக் பிடிக்கிறது நீர்தானே. அதுதான் பயமாயிருக்கு."

சமதரை வந்ததும் வானை நிறுத்தினேன். திறப்பை உருவி, திரும்பி, அவர் மடியில் போட்டேன். "அப்ப நீங்களே ஓடுங்கோ" என்று சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

அவர் திறப்பை எடுத்து என் கையில் வைத்தார். "அழுறதை நிப்பாட்டிப்போட்டு றோட்டைப் பாரும்," என்றார்.

பார்த்தேன். ஏரிக்கரை வரைக்கும் பேச்சு வாங்கிக்கொண்டே ஓட்டினேன்.